எந்த ஊர்ப் பனங்கட்டி?

2005ஆம் ஆண்டாக இருக்கவேண்டும். கொழும்பில் நடைபெற்ற சிறுகைத்தொழிற் சந்தை ஒன்றிலே, உம்மா காய்ச்சித் தந்த பனங்கட்டியை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பனையோலைக் குட்டான்களில் ஊற்றி எடுத்த கட்டிகள். ஒவ்வொரு குட்டானிலும் "யாழ்ப்பாணப் பனங்கட்டி" என்று என் கையால் எழுதிய துண்டுக் கடதாசி ஒன்று கட்டப்பட்டிருந்தது. வேட்டி கட்டிய முதியவர் ஒருவர் வந்து, ஒரு குட்டானை எடுத்து மணந்து பார்த்தார். பேச்சில் யாழ்ப்பாணத்தவர் என்பது தெரிந்தது.

"தம்பி, இது எந்த ஊர்ப் பனங்கட்டி?"

"யாழ்ப்பாணத்து ஆக்கள் செய்தது, ஐயா."

"ஆக்களைக் கேக்கேல்லைத் தம்பி. ஊரைக் கேட்டனான்."

நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. இரண்டு குட்டான் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அவருக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டது இன்றுவரை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அந்தக் கட்டிக்கான கருப்பநீர் கற்பிட்டிப் பக்கத்துப் பனைகளில் இறங்கியது. காய்ச்சிய இடம் புத்தளம், தில்லையடி. காய்ச்சியவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வந்தவர். இம்மூன்றில் எது ஒரு பண்டத்தின் ஊர்?

அந்த முதியவர் கேட்ட கேள்வியைத்தான் உலகச் சட்டமும் கேட்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டேன். புவிசார் குறியீடு என்று இன்று நாம் சொல்வது அந்தக் கேள்விக்கான எழுத்து மூலமான பதிலாகும். அதன் வரலாற்றையும், அதில் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன இடம் என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

பண்டத்தின் பெயரோடு ஊரின் பெயரைச் சேர்த்துச் சொல்வது வணிகத்தைப் போலவே பழையது. யாழ்ப்பாணப் புகையிலையை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின் ஆங்கிலேயர் காலத்திலும் அது கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போயிற்று. அங்கே புகையிலை வணிகத்தை அரசே தன் ஏகபோகமாக வைத்திருந்தது. மலையாளக் கரையில் யாழ்ப்பாணம் என்ற பெயர் புகையிலையின் தரத்தைக் குறிக்கும் சொல்லாகவே வழங்கியது. அந்தப் பெயரைக் காக்கச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. விற்பவரின் வாக்கும் வாங்குபவரின் மூக்குமே காவல். மறுபுறத்தில் நமது மாம்பழத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தவர் பெருமை பேசும் பழத்தின் பெயர் கறுத்தக் கொழும்பான். பெயர் ஒன்று, ஊர் வேறு. ஆகவே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடித்துவிட முடியாது.

இதைச் சட்டமாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ரொக்ஃபோர் என்ற கிராமத்துக் குகைகளில் பதப்படுத்தப்படும் பாற்கட்டிக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என்று துலூஸ் நகர நீதிமன்றம் 1666இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 1919இல் மூலப்பெயர்களுக்கான பொதுச் சட்டம் வந்தது. 1925இல் ரொக்ஃபோருக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் இம்முறையை உணவுப் பண்டங்களுக்கும் விவசாய விளைபொருள்களுக்கும் தன் உறுப்பு நாடுகள் அனைத்திலும் பொதுவாக்கியது. இந்தியா 1999இல் தனிச் சட்டம் இயற்றி 2003இல் நடைமுறைப்படுத்தியது.

இச்சான்று வேலை செய்யும் முறை விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. ஒரு பண்டத்துக்குச் சான்று கேட்பவர்கள் ஒரு கோவையைத் தயாரிக்க வேண்டும். அதில் நான்கு விடயங்கள் இருக்கும். முதலாவது எல்லை: எந்தெந்த இடத்தில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது மட்டும் இப்பெயரைப் பெறும் என்ற கோடு. இரண்டாவது செய்முறை. மூன்றாவது, பண்டத்துக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு: மண், காலநிலை, கைத்திறன், நெடுங்காலமாகப் பெற்ற நற்பெயர் ஆகியவற்றுக்கான சான்றுகள். நான்காவது, இவற்றையெல்லாம் கண்காணிப்பவர் யார் என்பது. சான்று ஒரு தனி மனிதருக்கோ கம்பனிக்கோ கிடைப்பதில்லை. எல்லைக்குள் நின்று விதிப்படி செய்கின்ற எவரும் அப்பெயரைப் பாவிக்கலாம். எல்லைக்கு வெளியே நிற்பவர் எவ்வளவு திறமாகச் செய்தாலும் பாவிக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இச்சான்றை நமது நாட்டில் முதன்முதலிற் பெற்ற பண்டம் கறுவா. 2022 பெப்ரவரியில் "சிலோன் சினமன்" என்ற பெயரை அவ்வொன்றியம் பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடாகப் பதிவு செய்தது. உலகச் சந்தையில் கசியா எனும் வேறு மரத்தின் தடித்த பட்டை கறுவா என்ற பெயரில் மலிவாக விற்கப்படுவதே இதற்கான தேவையை உண்டாக்கியது.

கறுவாவின் கதையில் நமக்கு நெருக்கமான ஒரு பக்கம் உண்டு. மொரோக்கோவின் தஞ்சா நகரத்தவரான இப்னு பதூதா 1344இல் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். அவர் பத்தாளா என்று எழுதிய அந்த ஊரைப் புத்தளம் என்றே ஆய்வாளர் கொள்கின்றனர். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்தின் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் அவர் எழுதியிருக்கிறார். வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவாக் கட்டைகள் கரை நெடுகக் குவிந்து கிடந்ததையும், மலபார், சோழமண்டலக் கரை வணிகர்கள் அவற்றை விலை கொடாமல் ஏற்றிச் சென்றதையும், அதற்குப் பதிலாக மன்னருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாகக் கொடுத்ததையும் அவர் பதிவு செய்தார். யாழ்ப்பாணத்து அரசர், புத்தளத்துக் கரை, ஒரு முஸ்லிம் பயணி, ஒரு பண்டம். அந்தக் குறிப்புக்கும் 2022ஆம் ஆண்டுச் சான்றுக்கும் இடையில் 678 ஆண்டுகள். புத்தளத்துக்கு நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த பிறகுதான் இப்பக்கத்தை முதன்முதலாக வாசித்தேன். வந்த இடம் முற்றிலும் அந்நியமானதல்ல என்ற சிறு ஆறுதலை அது தந்தது.

இப்னு பதூதாவின் நாட்டிலேயே, மராகிஷ் நகரத்தில், 1994இல் உலக வர்த்தக நிறுவனத்தை உருவாக்கிய உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் ஒரு பகுதியாகிய புலமைச் சொத்து உடன்படிக்கை புவிசார் குறியீடுகளை உலகப் பொதுச் சட்டமாக்கியது. ஆனால் அதற்குள் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அதன் 22ஆம் உறுப்புரை எல்லாப் பண்டங்களுக்கும் சாதாரணப் பாதுகாப்பை மட்டும் தருகிறது. வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார் என்பதையோ, முறையற்ற வணிகப் போட்டி நடக்கிறது என்பதையோ முறைப்பாட்டாளர் காட்ட வேண்டும். 23ஆம் உறுப்புரை கூடுதற் பாதுகாப்புத் தருகிறது. ஏமாற்று நடந்ததைக் காட்டத் தேவையில்லை. உண்மையான ஊரைக் கூடவே எழுதியிருந்தாலும், "இன்ன ஊர்ப் பாணியில்" என்று எழுதியிருந்தாலும் தடைதான். இந்தக் கூடுதற் பாதுகாப்பு எவற்றுக்கு? வைனுக்கும் மதுசாரங்களுக்கும் மட்டும்.

பனைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தை பிறந்த பிறகு சீவல்தொழிலாளி காலையும் மாலையும் பனையில் ஏறிப் பாளையைச் சீவி முட்டி கட்டுகிறார். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது கருப்பநீர். சுண்ணாம்பு நொதிப்பைத் தடுக்கிறது. கருப்பநீரைத் தாச்சியில் காய்ச்சினால் பனங்கட்டி. பக்குவமாய் உறைய விட்டால் பனங்கற்கண்டு. சுண்ணாம்பு பூசாவிட்டால் அதே சாறு கள்ளாகிறது. கள்ளை வடித்தால் சாராயம். ஒரே மரம், ஒரே பாளை. மராகிஷ் உடன்படிக்கையின்படி சுண்ணாம்பு பூசாத முட்டியிலிருந்து வரும் சாராயத்துக்கே பாதுகாப்பு அதிகம். நம் பிள்ளைகள் தின்னும் பனங்கட்டிக்குக் குறைவு.

நமது நாட்டுச் சட்டவாக்கம் இந்த ஏற்றத்தாழ்வை அப்படியே பின்பற்றவில்லை என்பதைக் குறிப்பிட்டேயாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 161ஆம் பிரிவு அந்தக் கூடுதற் பாதுகாப்பை விவசாய விளைபொருள்களுக்கும் உணவுக்கும் விரித்தது. ஆயினும் அப்போது பதிவேடு என ஒன்று இருக்கவில்லை. உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் செல்வதே வழியாக இருந்தது. பதிவுக்கான ஏற்பாடு 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் மூலமே வந்தது.

இந்த இடத்தில்தான் என் துண்டுக் கடதாசி குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. யாழ்ப்பாணப் பனங்கட்டி என்ற பெயர் இவ்வாறு பாதுகாக்கப்படுமானால், உம்மாவின் குட்டானில் அப்பெயரை எழுத முடியாது. சரி, அது நியாயமே. "யாழ்ப்பாண முறையில் காய்ச்சிய கற்பிட்டிப் பனங்கட்டி" என்று முழு உண்மையையும் எழுதினால்? அதுவும் கூடாது. ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர் தன் ஊரின் பெயரைத் தன் கைப்பண்டத்தின் மேல் எழுத முடியாத நிலை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தனர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து அந்நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணக்கிடப்படுகிறது. மிகப் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டம். எங்கள் வீட்டில் ஒரு பையில் உடுப்பும் இன்னொரு பையில் குர்ஆனும் என் பாடசாலைச் சான்றிதழ்களும் இருந்தன. வாப்பாவின் கடைக் கணக்குப் புத்தகங்கள் கடையிலேயே கிடந்தன.

இச்சட்டத்தைப் பற்றி அறிந்தபோது முதலில் எனக்குக் கோபமே வந்தது. மண்ணுக்குப் பாதுகாப்பு, மனிதருக்கு இல்லையா என்று ஒரு கட்டுரை எழுதவும் தொடங்கினேன். அதை முடிக்க முடியவில்லை. உம்மாவிடம் கேட்டறிந்த ஒரு செய்தி குறுக்கே நின்றது.

உம்மா யாழ்ப்பாணத்தில் பனங்கட்டி காய்ச்சியவரல்லர். அங்கே சோனகத் தெருவில் எவரும் காய்ச்சவில்லை. வாப்பாவின் கடைக்குக் குட்டான் கொண்டுவந்து கொடுத்தவர் வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஓர் அம்மா. அவருடைய கணவர் சீவல்தொழிலாளி. அவர் காலையில் இறக்கிவரும் கருப்பநீரை வெயில் ஏறுமுன் இந்த அம்மா அடுப்பில் ஏற்றிவிடுவார். ஏழெட்டு லீற்றர் கருப்பநீர் வற்றினால்தான் ஒரு கிலோ கட்டி. நுரை அடங்கிப் பாகு கனத்து வரும்போது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். அது கரையாமல் உருண்டு நின்றால் பதம். பிந்தினால் கருகிக் கசக்கும். முந்தினால் கட்டி கசிந்து ஓலை நனையும். உம்மா திருமணமான புதிதில் ஒரு நாள் அவருடன் போய், அடுப்படியில் நின்று இதைப் பார்த்திருக்கிறார். "தங்கச்சி, கையைத் துழாவுற நேரம் வாயைப் பொத்து, கதையிலே பதம் போயிடும்" என்று அவர் சொன்னதை உம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். தில்லையடியில் வாப்பாவுக்கு வேலையில்லாமற் போன நாட்களில், அந்த ஒரு நாள் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டே உம்மா தாச்சியை அடுப்பில் ஏற்றினார். முதல் சில தடவைகள் கருகிப் போயிற்று.

உம்மாவின் சொந்தக் கைப்பக்குவம் அதற்கு அடுத்த படியில் இருந்தது. அது வட்டிலப்பம். தென்னிலங்கையில் கித்துள் கருப்பட்டியில் செய்வதை எங்கள் வீட்டில் பனங்கட்டியிற்தான் செய்தார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலமும் சேர்ந்தாலும் பனையின் அந்த இலேசான கரிப்பு நாவில் நிற்கும். பெருநாள் காலையில் அதில் ஒரு தட்டு அந்த வலிகாமத்து அம்மாவுக்காக எடுத்து மூடி வைக்கப்படும்.

ஆகவே "யாழ்ப்பாணப் பனங்கட்டி" என்ற பெயர் முதலில் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், நேர்மையான பதில் அந்த அம்மாவுக்கும் அவருடைய கணவருக்கும் என்பதே. அவர்கள் போரின்போது ஊரிலேயே இருந்தார்கள். பதுங்குகுழிகளுக்கென்று பனைகள் தறிக்கப்பட்டதைப் பார்த்தார்கள். அவர்களும் பலமுறை இடம்பெயர்ந்தார்கள். மரத்தில் ஏறும் ஆபத்தும், அத்தொழிலைச் செய்பவர் மீது சாதி சுமத்திய இழிவும் அவர்களுக்கே உரியனவாக இருந்தன. இன்று சந்தையில் அவர்களுக்குப் போட்டியாக நிற்பது கற்பிட்டியில் காய்ச்சிய உம்மா அல்லர். சீனியைக் காய்ச்சி நிறமேற்றி, கொஞ்சம் பனங்கட்டியைக் கலந்து, ஓலைக் குட்டானில் ஊற்றி விற்பவர்களே போட்டி. சீனி கலந்த கட்டி மலிவாகக் கிடைக்குமானால், உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவர் ஏன் ஏறவேண்டும்? அவருடைய மகன் ஏன் ஏறவேண்டும்? கொழும்பில் என்னிடம் ஊரைக் கேட்ட முதியவர் மணந்து பார்த்ததும் இதற்காகத்தான். கோடு கீறி, கோட்டுக்குள் என்ன நடக்கிறதென்று கண்காணிக்கும் சட்டம் இல்லாவிட்டால் அந்த மூக்குகள் மறைந்த பிறகு பெயருக்குக் காவல் இருக்காது. கடல் கடந்த தமிழகத்திலும் இதே கலப்படச் சிக்கல் இருக்கிறது. காயல்பட்டினத்துக்கு அயலிலுள்ள உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு அண்மைய ஆண்டுகளில் புவிசார் குறியீடு பெறப்பட்டிருக்கிறது.

எனவே கோடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோவையின் மூன்றாம் பகுதியைப் பற்றியே சொல்ல வருகிறேன். அதுதான் வரலாற்றுப் பகுதி.

ரொக்ஃபோர்காரர்கள் 1666ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். யாழ்ப்பாணம் எதைக் காட்டும்? வில்லியம் பேர்குசன் 1850இல் பனையைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். எமர்சன் தெனந்து 1859இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்றில் யாழ்ப்பாணத்துப் பனைகளை விரிவாக எழுதியிருக்கிறார். இவை ஆங்கிலேயர் எழுதி வைத்தவை. நம்மவர் எழுதியவையும் சேர்த்து வைத்தவையும் எங்கே? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ஒன்பது ஆண்டுகளின் பின், சோனகத் தெருக் கடைகளின் கணக்குப் புத்தகங்கள் கேட்பாரற்றுப் போயின. எந்த ஊரிலிருந்து யார் எத்தனை குட்டான் கொண்டுவந்தார், அது எந்த லொறியில் எந்த ஊர்க் கடைக்குப் போனது என்ற விபரங்கள் அவற்றில் இருந்தன. ஒரு பண்டத்தின் நற்பெயரை நிரூபிக்க அதைவிடச் சிறந்த ஆவணம் வேறில்லை. இரு சமூகங்களின் கடதாசிகளும் இரு வேறு கைகளால் அழிந்தன. நட்டம் ஒரே ஊருக்குத்தான்.

ஆவணம் இல்லாத இடத்தில் கோவையை எழுதுபவர் தம் நினைவில் உள்ளதையே எழுதுவார். வணிகர் எவரும் இல்லாத, ஓர் இனம் மட்டுமே வாழ்ந்த, ஏறுபவரின் பெயரும் காய்ச்சுபவரின் பெயரும் இல்லாத ஒரு யாழ்ப்பாணம் அந்தக் கோவையில் உருவாகிவிடக்கூடும். சட்டக் கோவையில் ஒருமுறை ஏறிய வரலாறு எளிதில் மாறுவதில்லை.

இப்படி ஆகாமலும் செய்யலாம் என்பதற்குச் சைப்பிரஸ் தீவு ஓர் உதாரணம். 1974இல் அத்தீவு இரண்டாகப் பிளந்தது. கிரேக்கர் தெற்கேயும் துருக்கியர் வடக்கேயுமாக மக்கள் இடம்பெயர்ந்தனர். இரு சாராரும் செய்கின்ற பாற்கட்டி ஒன்று உண்டு. கிரேக்கர் அதை ஹலூமி என்பர். துருக்கியர் ஹெல்லிம் என்பர். 2014இல் சைப்பிரஸ் அரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் சான்று கேட்டபோது, தெற்கின் அரசு கண்காணித்தால் வடக்கின் உற்பத்தியாளர் கதி என்ன என்ற பிரச்சினை எழுந்தது. பேச்சுவார்த்தை பல ஆண்டுகள் நீண்டது. 2021இல் பதிவு நடந்தபோது இரண்டு பெயர்களும் ஒன்றாகவே பதியப்பட்டன. எல்லை முழுத் தீவு. வடக்கில் கண்காணிக்க இரு தரப்பையும் சாராத நிறுவனம் ஒன்று ஏற்கப்பட்டது. தீவு இன்னும் ஒன்றாகவில்லை. வடக்கின் உற்பத்தியாளருக்கு நடைமுறைத் தடைகள் பல உண்டு. ஆனாலும் இடம்பெயர்ந்த கிரேக்கரோ துருக்கியரோ தம் பண்டத்தின் பெயரை இழக்கவில்லை. ஒரே மொழி பேசுகின்ற நமக்கு இரண்டு பெயர்கள் தேவையில்லை. ஒரே பெயரின் கீழ் எல்லோரையும் எழுதினால் போதும்.

எல்லையை யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம்வரை இழுக்கவேண்டும் என்று கேட்பேனா? மாட்டேன். கற்பிட்டி மணலில் நிற்கும் பனையின் கருப்பநீர் வேறு. உம்மாவுக்கே அது தெரியும். "இது கொஞ்சம் உவர்ப்புக் கூட" என்பார். அந்த வேறுபாட்டை மறைப்பது பொய்.

இன்னொரு உதாரணம் எனக்கு வழிகாட்டியது. ஹைதராபாத் ஹலீமுக்கு 2010இல் இந்தியாவில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்நாட்டில் இறைச்சி உணவு ஒன்றுக்குக் கிடைத்த முதலாவது சான்று அது. நோன்பு மாதத்தில் அந்நகரத் தெருக்களில் விறகடுப்பில் மணிக்கணக்காகக் கிண்டப்படும் கோதுமையும் இறைச்சியும் கலந்த அவ்வுணவு, அரேபியரின் ஹரீஸிலிருந்து வந்தது. நிஸாமின் படையில் சேவைசெய்த ஹழரமௌத் அரேபியர் அதைக் கொண்டுவந்தனர் என்பர். ஆனால் சான்று கிடைத்தது யெமனுக்கு அல்ல, ஹைதராபாத்துக்கு. ஒரு பண்டம் எங்கே பிறந்தது என்பதை மட்டும் இச்சட்டம் பார்ப்பதில்லை. எந்த ஊரில் வேர்விட்டு, எந்த ஊரின் பெயரால் மக்கள் அதைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள் என்பதையும் பார்க்கிறது. இடம்பெயர்ந்து வந்தவர்களின் கைப்பக்குவத்துக்கும் காலம் செல்லச் செல்ல வந்த ஊரின் பெயர் வாய்க்கும்.

இதை உம்மாவிடம் எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். 2012 அல்லது 2013ஆக இருக்கலாம். கட்டி ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேரை எடுத்துப்போட்டா யார் மகன் வாங்குவாங்க?"

"வேற பேர் எழுதுவம் உம்மா."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உள்ளதை எழுது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குட்டான்களில் "கற்பிட்டிப் பனங்கட்டி" என்ற பெயரே இருந்தது. முதலில் விற்பனை குறைந்தது உண்மை. பிறகு தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் அப்பெயரைச் சொல்லியே கேட்டு வந்தார்கள். 2016இல் உம்மா வபாத்தானார். இப்போது என் தங்கை காய்ச்சுகிறாள்.

2009க்குப் பிறகு சோனகத் தெருவுக்குத் திரும்பியவர்கள் உண்டு. புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்கள் அதைவிட அதிகம். திரும்பியவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. யாழ்ப்பாணத்தின் பனங்கட்டிக்கோ ஒடியலுக்கோ பனாட்டுக்கோ கோவை எழுதப்படும்போது, அதைத் தயாரிக்கும் உற்பத்தியாளர் அமைப்பில் உங்களுக்கும் இடம் கேளுங்கள். எல்லைக்குள் வாழ்ந்து விதிப்படி செய்கின்ற எவருக்கும் அப்பெயரைப் பாவிக்கும் உரிமை இருக்கவேண்டும் என்பதே இச்சட்டத்தின் அடிப்படை. அதே மூச்சில், மரமேறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அந்த மேசையின் தலைமாட்டில் இருக்கவேண்டும் என்றும் கேளுங்கள்.

புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருப்பவர்களுக்குச் சொல்வது வேறு. உங்கள் வாப்பாவின் கடைக்கு எந்தக் கிராமத்திலிருந்து குட்டான் வந்தது, கொண்டுவந்தவர் யார், என்ன விலை, எந்த மாதத்தில், எங்கே அனுப்பினீர்கள் என்பதை எழுதி வையுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். 1990இல் வெளியேற்றப்பட்டபோது நாற்பது வயதானவருக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. கணக்குப் புத்தகம் போய்விட்டது. அதை எழுதிய கைகளில் சில இன்னும் இருக்கின்றன.

நானும் என் பங்கைத் தொடங்கியிருக்கிறேன். வலிகாமத்து அந்த அம்மாவின் கிராமம் எது என்று உம்மா சொன்னதை ஒரு கொப்பியில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். அவருடைய பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைக் "கட்டிக்கார அம்மா" என்றே அழைத்தோம். பெயரைக் கேட்டு வைக்க எவருக்கும் தோன்றவில்லை. அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்தக் கிராமத்தில் இருக்கக்கூடும். அடுத்த தை மாதம் போய் விசாரிக்க எண்ணியிருக்கிறேன்.